சைகோன் நகரச் சுற்றுலா: ஆளுக்கு 4,000 ரூபாய் தகுமா?

கேள்வி: வியட்நாமில், சைகோன் என்று முன்பு அழைக்கப்பட்ட ஹோசிமின் நகருக்குப் பன்னிரண்டு வயது மகனுடன் செல்கிறோம். போர் எச்சங்கள் அருங்காட்சியகம், சுதந்திர மாளிகை, தலைமை அஞ்சலகம் ஆகியவற்றை அரைநாளில் காட்டுவதற்குப் பயண முகவர் ஆளுக்கு 4,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: நடக்கத் தெம்பிருந்தால் வேண்டாம். அருங்காட்சியகத்தின் நுழைவுக் கட்டணமாக வசூலிக்கப்பட்டு வரும் 40,000 டாங், நம் பணத்தில் 150 ரூபாயைத் தாண்டாது. அங்கிருந்து மாளிகைக்குப் பத்து நிமிட நடை. அதற்குத் தனிச்சீட்டு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய அஞ்சலகத்துக்கோ கட்டணமே இல்லை. ஆக, முகவர் கேட்கும் தொகையில் பெரும்பகுதி வண்டிக்கும் வழிகாட்டிக்கும் போகிறது.

அருங்காட்சியகத்தின் காட்சிக் குறிப்புகள் ஆங்கிலத்திலும் இருப்பதால் வழிகாட்டி கட்டாயமில்லை. அவை வியட்நாம் போரில் 1975-இல் வென்ற தரப்பின் பார்வையில் எழுதப்பட்டவை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். முற்றத்திலுள்ள ஹெலிகாப்டரும் டாங்கியும் பையனுக்குப் பிடிக்கும்; ஆனால், அமெரிக்கப் படை போரில் தூவிய ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ நச்சுமருந்தால் ஊனமுற்றுப் பிறந்த குழந்தைகளின் படங்கள் உள்ள அறைக்குள் நீங்கள் முதலில் சென்று பார்த்துவிட்டு, அவனை அழைப்பதா என்று முடிவு செய்யுங்கள். இருதரப்பிலும் களத்தில் மாண்ட புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களைக் கொண்ட பகுதியை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். என்னைக் கேட்டால், அங்கு அதிக நேரம் செலவிடத் தக்கது அதுதான்.

மாலையில் திருவோங் தின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் செல்லலாம். தமிழ் வணிகர்கள் எழுப்பிய அக்கோயிலில், இன்று வியட்நாமியர்களே மிகுதியாக வந்து, கருவறையின் பின்சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலை முணுமுணுக்கிறார்கள்.

நகருக்கு வெளியே உள்ள, போரில் கெரில்லாக்கள் பதுங்கியிருந்த கூச்சி சுரங்கங்களுக்கு மட்டும் வண்டி தேவை என்பதால், முகவரிடம் பணம் கொடுப்பதாக இருந்தால் அதற்குக் கொடுங்கள். பென் தின், பென் துவோக் என்னும் இரண்டு இடங்களில் எங்கே அழைத்துச் செல்வார், நுழைவுச்சீட்டும் சாப்பாடும் சேர்த்தியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘எல்லாம் உட்பட’ என்ற வாய்ச்சொல் பின்னால் எதற்கும் உதவாது. அங்குள்ள சுடுதளத்தில் தோட்டாக்களுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். அது பொதுவாகத் தொகுப்பில் சேராது. எழுதித் தந்ததை முகவர் மீறினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று: 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டுமே நீல நிறம். மிதிவண்டி ரிக்‌ஷாக்காரருக்கு இருட்டில் மாற்றிக் கொடுத்துவிட்டால் இருபத்தைந்து மடங்கு போய்விடும். பெரிய தாள்களைப் பணப்பையில் தனி அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.