அதிபராக இருந்தவர் பிறகு வெறும் எம்.பி. ஆவது இழுக்கு இல்லையா?

அமெரிக்க அதிபராக இருந்து, மறுதேர்தலில் தோற்ற பிறகு மக்களவை உறுப்பினரான ஜான் குவின்சி ஆடம்ஸைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? அந்த ‘வெறும்’ என்ற சொல் உறுத்தியதால்தான் எழுதுகிறேன். நீங்களும் பெரிய பொறுப்பிலிருந்து இறங்கிச் சின்னதொன்றை ஏற்கலாமா என்று யோசிப்பவர் போலத் தெரிகிறது.

1830-இல் அவரிடமே இதைக் கேட்டார்கள். எம்.பி.யாக இருப்பதில் யாருக்கும் தாழ்வில்லை. மக்கள் தேர்ந்தெடுத்தால், முன்னாள் அதிபர் தன் ஊரில் செலக்ட்மேனாக இருந்தாலும் தாழ்வில்லை என்றார். நம் பஞ்சாயத்து போர்டு மெம்பர் மாதிரியான பதவி அது.

அவர் பிறந்த மாசசூசெட்ஸில்தான் நானும் இருக்கிறேன். குடியுரிமை கிடைத்ததும் எங்கள் ஊர்ச் சபைக்கு நின்றேன். பத்துப் பேர் கையெழுத்துக்காகப் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஜெயித்தேன். சம்பளம் கிடையாது. பள்ளிக்கூட அரங்கில் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து, தீயணைப்பு வண்டி வாங்கலாமா என்று கையிலுள்ள சின்னக் கருவியில் பொத்தானை அமுக்கி ஓட்டுப் போடுவோம்.

ஊரிலிருந்து அத்தான் போனில் கேட்டார்: "மாப்ளே, இதுல எவ்வளவு வரும்?"

"ஒண்ணும் வராது அத்தான்."

"அப்புறம் எதுக்கு?"

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கு ஆடம்ஸைச் சொல்வேன். அடிமைமுறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்கவே கூடாது என்று 1836-இல் மக்களவை விதி போட்டது. எட்டு வருடம் விடாமல் மல்லுக்கட்டி, 1844-இல் அதை நீக்க வைத்தார். அதிபர் நாற்காலியில் இருந்தபோது இவ்வளவு சாதித்தாரா என்றால், இல்லை என்பேன். 1848-இல், எண்பது வயதில், அவையிலேயே மயங்கிச் சரிந்து, இரண்டு நாளில் அந்தக் கட்டடத்திலேயே உயிர்விட்டார்.

‘தோற்றவருக்குப் பதவி ஆசை’ என்று எழுத வருகிறவர்களுக்கு: நான் அவரைத் தெய்வமாக்கவில்லை. 1824-இல் மக்கள் வாக்கில் போட்டியாளர் ஆண்ட்ரூ ஜாக்சனைவிடப் பின்தங்கியும், மக்களவை தேர்ந்தெடுத்ததால் அதிபரானவர். அதற்காகப் பேரம் நடந்தது என்ற பழி கடைசிவரை போகவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு என்பதற்காக மட்டும் அரசு ஊழியர்களை வேலையைவிட்டுத் தூக்க மறுத்தவரும் அவர்தான்.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இங்கே ஒரு பொங்கல் விழாவில் கம்பெனி டைரக்டர்களுக்கெல்லாம் முன்வரிசையில் பெயர் ஒட்டிய நாற்காலி. இருபது வருடமாக ஊர் நூலகத்தில் காசு வாங்காமல் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஓர் அம்மா, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என் நாற்காலியைக் கொடுத்தேன். "பரவாயில்லப்பா, பழகிடுச்சு" என்றார்.