மலைமேல் பழைய பங்களாவில் நடக்கும் உணவகத்தின் உண்மையான வரலாற்றை எப்படிக் கண்டுபிடித்து எழுதுவது?

கேட்டிருப்பது இதுதான்: மதுரையிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில், மலைமேல் ஒரு பழைய பங்களாவில் உணவகம் நடத்துகிறீர்கள். மெனு அட்டையில் "1830இல் பீட்டர் துரை கட்டிய மாளிகை" என்று போட்டிருக்கிறது. சாப்பிட வந்த ஒருவர் ஆதாரம் கேட்டுவிட்டார். சரியான வரலாற்றை எங்கே தேடுவது, எப்படி எழுதுவது?

அந்த வரியை முதலில் எடுத்துவிடுங்கள். ரவுஸ் பீட்டர் 1812இல் மதுரை கலெக்டராக வந்தவர், 1828இல் இறந்துவிட்டார். 1830இல் அவர் எதையும் கட்டியிருக்க முடியாது. மதுரையைச் சுற்றிப் பழசாக ஒரு கட்டடம் இருந்தால் அதைப் பீட்டர் துரை கணக்கில் எழுதுவது நம் ஊர் வழக்கம். அவர் இல்லாவிட்டால் கோட்டைச் சுவரை இடித்து நகரத்தை விரித்த பிளாக்பர்ன் துரை. இருவரும் மக்கள் மனதில் நின்ற கலெக்டர்கள், அதனால்தான் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

உங்கள் மலை எது என்று நீங்கள் சொல்லவில்லை. கொடைக்கானலாக இருந்தால் 1830 சுத்தமாக நிற்காது. அந்த மலையை லெப்டினென்ட் வார்டு அளந்தது 1821இல். அமெரிக்க மதுரை மிஷன் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845இல். மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கியது 1863இல். பசுமலையாக இருந்தால், மிஷன் செமினரி அங்கே வந்தது 1845இல். ஆக, எந்த மலையானாலும் அங்கே ஐரோப்பியர் குடியேறிய ஆண்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய தேதி எதுவும் தனி ஆதாரம் இல்லாமல் உள்ளே வரக்கூடாது.

அடுத்து, நிலம் ஒரு வரலாறு, கட்டடம் ஒரு வரலாறு, உணவகம் ஒரு வரலாறு. மூன்றுக்கும் காகிதங்கள் வேறு, தேதிகள் வேறு. சுவரில் மாட்டும் தப்பான பலகைகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதால் வந்தவை. நிலம் 1850களில் கைமாறியிருக்கும், கட்டடம் 1910களில் எழுந்திருக்கும், உணவகம் 1980களில் தொடங்கியிருக்கும். பலகையில் மட்டும் "1850 முதல் உங்கள் சேவையில்" என்று இருக்கும்.

நிலத்துக்கு வில்லங்கச் சான்றில் தொடங்குங்கள். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ளதை இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு மேனுவல் ஈசி (கையால் தேடித் தரும் வில்லங்கச் சான்று) கேட்டு மனுப் போட வேண்டும். இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, சர்வே எண். 1980களில் நடந்த யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாடு) பதிவுக்குப் பிறகு பல இடங்களில் எண்ணும் உட்பிரிவும் மாறின. இன்றைய எண்ணை மட்டும் கொடுத்தால் பழைய பத்திரம் சிக்காது. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ அ-பதிவேட்டை (கிராம நிலங்களைச் சர்வே எண் வாரியாக எழுதிய பதிவேடு) பார்த்தால் பழைய எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் எழுதிக் கொடுங்கள். இரண்டாவது, ஈசியில் வராததெல்லாம் நடக்கவில்லை என்று நினைத்துவிடுவது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு வருஷத்துக்குக் குறைவான குத்தகைக்கும் பதிவு கட்டாயமில்லை. மிஷன், மில், கிளப் மாதிரி அமைப்புகளின் கையில் இருந்த கட்டடங்களில் மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பத்திரத்தில் ஒரு அசைவும் தெரியாது.

மாவட்டப் பிரிவினையை மறந்துவிட்டால் மாதக்கணக்கில் தவறான இடத்தில் தேடுவீர்கள். கொடைக்கானலும் சிறுமலையும் இன்று திண்டுக்கல் மாவட்டம். ஆனால் அந்த மாவட்டம் பிரிந்தது 1985இல். தேனி பிரிந்தது 1996-97இல். அதற்கு முந்தைய வருவாய்த் துறைக் கோப்புகள் மதுரை ஜில்லா என்ற தலைப்பில்தான் இருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் மதுரை ஜில்லா என்றே கேளுங்கள். நிலம் இனாமாக (வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ கொடுத்ததாக) இருந்திருந்தால் 1860களின் இனாம் பதிவேட்டில் யாருக்கு, எதற்காகக் கொடுத்தார்கள் என்பது வரை இருக்கும். ஜமீன் நிலமாக இருந்தால் 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தைய செட்டில்மென்ட் பதிவேடு வேண்டும்.

அச்சில் உள்ளவற்றில் இரண்டு போதும்: நெல்சன் எழுதிய 1868 மதுரை மேனுவல், பிரான்சிஸ் எழுதிய 1906 கெசட்டியர். உங்கள் மலையின் பெயர் இரண்டிலும் எப்படி வருகிறது என்று பாருங்கள். முன்னதில் வெறும் மலையாக இருந்து பின்னதில் பங்களா, தோட்டம், சாலை என்று வந்திருந்தால் உங்கள் தேடலின் எல்லை நாற்பது வருஷத்துக்குள் சுருங்கிவிடும். இதோடு சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு அங்குல (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) வரைபடமும் வேண்டும். மதுரையும் பசுமலையும் 58 கே தாளிலும், கொடைக்கானல் 58 எஃப் தாளிலும் வரும். வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளை வாங்கி, உங்கள் இடத்தில் கட்டடக் குறி எந்தப் பதிப்பில் முதலில் தோன்றுகிறது என்று பாருங்கள். அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறு. ஓரத்தில் இரண்டும் இருக்கும், அளந்த ஆண்டைத்தான் எடுக்க வேண்டும்.

இனி கட்டடம். காகிதம் சொல்லாததை இது சொல்லும், ஆனால் அவசரப்பட்டால் ஏமாற்றும். கூரை ஓடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மங்களூர் ஓட்டின் அடிப்புறத்தில் கம்பெனி முத்திரை இருக்கும். மச்சு அடைக்காத தாழ்வாரமாக இருந்தால் கீழே நின்று டார்ச் அடித்தே படிக்கலாம். "பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ் 1865" என்று கண்டதும், கட்டடம் 1865இல் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். 1865 அந்தத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பின்னால் வந்த ஓட்டிலும் அதே எண்தான். அந்த முத்திரையிலிருந்து நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றே: இந்த ஓடு 1865க்குப் பிந்தையது. "காமன்வெல்த் டிரஸ்ட்" என்று இருந்தால் முதல் உலகப் போருக்குப் பிந்தையது, ஏனென்றால் பாசல் மிஷன் ஆலைகள் அந்த நிறுவனத்தின் கைக்குப் போனதே அப்போதுதான். ஒரே கூரையில் இரண்டு மூன்று முத்திரைகள் கலந்திருக்கும். புயலுக்கும் குரங்குக்கும் உடைந்தவற்றை மாற்றியிருப்பார்கள். அதனால் நான்கு பக்கச் சரிவிலும் பத்துப் பத்து ஓடு பார்த்து எது அதிகம் என்று எண்ணுங்கள். பழைய ஓட்டை வேறு கட்டடத்திலிருந்து வாங்கி வந்து போடுவதும் உண்டு. ஆகவே ஓடு துணைச் சாட்சி மட்டும். ஓட்டை மட்டும் வைத்துக் கட்டடத்துக்குத் தேதி போடாதீர்கள்.

இரும்பு உத்தரம் இதைவிட நம்பகமானது, அதை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. பெயின்டை மெதுவாகச் சுரண்டினால் நடுப்பகுதியில் உருட்டிப் பதித்த எழுத்து தெரியும். "டார்மன் லாங், மிடில்ஸ்பரோ" என்றால் இங்கிலாந்துச் சரக்கு, 1870களுக்குப் பிந்தையது. டாட்டா என்றால் 1912க்குப் பிந்தையது, ஜாம்ஷெட்பூரில் எஃகு உருக்கத் தொடங்கியதே அந்த ஆண்டுதான். சரக்கு வந்த வழியையும் சேர்த்து யோசியுங்கள். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். கொடைக்கானலுக்கு வண்டி ஏறும் காட் ரோடு வந்தது 1914-16 வாக்கில். அதற்கு முன் சாமான்கள் ஆள் தலையிலும் மாட்டு முதுகிலும்தான் மேலே போயின. இருபதடி உத்தரம் அங்கே ஒரு வீட்டில் இருந்தால் அந்தப் பகுதி ரோட்டுக்குப் பிந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சுவர்ப் பூச்சை ஆணியால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை வெளிர் மஞ்சளாக, சுலபமாகப் பொடிந்து, உள்ளே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளைக் காட்டும். சிமென்ட் சாம்பல் நிறம், ஆணி வழுக்கும். ஒரே சுவரில் இரண்டும் சந்திக்கும் கோடு தெரிந்தால் அதுதான் பிற்காலச் சேர்க்கையின் எல்லை. ஃபோட்டோ எடுத்து, எந்த அறை, தரையிலிருந்து எத்தனை அடி என்று எழுதி வையுங்கள். தளம் மெட்ராஸ் டெரஸா என்றும் பாருங்கள்: தேக்குக் கட்டைகளின் மேல் சிறிய செங்கற்களை நிறுத்தி வைத்து மூலைவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். அதற்குப் பக்கத்து அறையில் கான்கிரீட் தளம் இருந்தால் அந்த அறையின் கதை தனி.

சமையலறைக்கு வருகிறேன், உணவகத்துக்கு இதுதான் முக்கியம். அந்தக் காலப் பங்களாக்களில் குசினி தனிக் கட்டடம். புகை, நெருப்பு, ஈ இவற்றுக்குப் பயந்து பின்னால் தள்ளிக் கட்டி, மூடிய நடை ஒன்றால் சாப்பாட்டு அறையோடு இணைப்பார்கள். உணவகம் வந்தபின் பெரும்பாலும் பழைய குசினி ஸ்டோர் ரூமாகிவிடும், பங்களாவின் பின்புற அறை ஒன்று கிச்சனாகும். அந்த அறையில் கழுவ வசதியாக என்று சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டியிருந்தால் மூன்று நான்கு வருஷத்தில் அடுத்த அறையின் சுவரில் உப்புப் பூக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டியது. ஒரு பக்கத்தை அடைத்தால் ஈரம் மறுபக்கம் போகும், கூடவே பழைய காரையும் கொட்டும். வரலாறு எழுத உட்காருமுன் இந்த அறைகளை ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். அடுத்த ரிப்பேரில் முதலில் காணாமல் போவது இதுதான்.

தண்ணீர் எப்படி மேலே வந்தது என்பதையும் தேடுங்கள். சுனையா, பாறையில் வெட்டிய தொட்டியா, கூரைத் தண்ணீரைச் சேர்த்த நிலத்தடித் தொட்டியா, அடிவாரக் கிணறா? மலைமேல் எத்தனை பேர் குடியிருக்க முடியும், எத்தனை பேருக்குச் சமைக்க முடியும் என்பதை முடிவு செய்தது அதுதான். மோட்டார் வந்த ஆண்டு தெரிந்தால், உணவகம் பெரிய அளவில் நடக்கத் தொடங்கிய காலமும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். மின் இணைப்பின் பழைய அட்டையோ டெபாசிட் ரசீதோ இருக்கிறதா என்று பீரோவைக் குடையுங்கள்.

உணவகத்துக்கான காகிதங்கள் பெரும்பாலும் உங்களிடமே இருக்கும், வரலாறு என்று யாரும் நினைக்காததால் மூட்டையில் கிடக்கும். 1958 உணவு நிறுவனங்கள் சட்டப்படி எடுத்த பதிவு, பஞ்சாயத்து அல்லது நகராட்சித் தொழில் உரிமம், 1959க்குப் பிந்தைய விற்பனை வரிப் பதிவு, பில் புத்தகம், பழைய மெனு அட்டை. இவற்றில் மிகப் பழையது எதுவோ, அந்தத் தேதிக்குள் உணவகம் இருந்தது உறுதி. "1950லேயே இங்கே பார் இருந்தது" என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். 1948 முதல் அப்போதைய சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு இருந்தது.

பழைய ஆட்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். பழைய சமையல்காரரிடம் போய், "ஐயா, எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தீங்க?" என்றால் ஒரு உருண்டை எண்தான் வரும். "வைகை டேம் கட்டி முடிச்சதுக்கு முன்னயா பின்னயா? தனுஷ்கோடி புயலப்ப இங்க இருந்தீங்களா? மதுரையில உலகத் தமிழ் மாநாடு நடந்தப்ப சமையல்கட்டுல யாரு?" என்று கேளுங்கள். அணை 1959, புயல் 1964 டிசம்பர், மாநாடு 1981 ஜனவரி. மூன்று கேள்வியில் ஐந்தாறு வருஷ வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லிவிட்டுக் கேட்டால் அவரும் அதையே சொல்வார், தனித்தனியாகக் கேளுங்கள்.

"காந்தி இங்கே தங்கினார்" என்ற கதை இருந்தால் சரிபார்ப்பது சுலபம். அவர் எந்த நாள் எங்கே இருந்தார் என்பது அவருடைய எழுத்துத் தொகுதிகளிலிருந்து அநேகமாக நாள்வாரியாகத் தெரியும். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறியது வரை பதிவாகியிருக்கிறது. உங்கள் மலைக்கு நாள் இல்லையென்றால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

எழுதும்போது ஒற்றை ஆண்டைப் போட ஆசைப்படாதீர்கள். இந்த மாதிரி இருக்கலாம் (எண்கள் உதாரணத்துக்கு): "இந்த நிலத்துக்கான முதல் பத்திரம் 1888. 1906க்கும் 1921க்கும் இடையில் பங்களாவின் முன்பகுதி கட்டப்பட்டது. மேற்குப் பக்க அறைகள் பிந்தையவை. உணவகம் 1983க்கு முன்பிருந்தே நடக்கிறது." நாற்பது, ஐம்பது சொல்லுக்கு மேல் போனால் சாப்பிட வந்தவர் நின்று படிக்க மாட்டார். வாய்வழிக் கதைகளையும் போடலாம், அவை அந்த இடத்தின் சொத்து. ஆனால் தனிப் பத்தியாக, "என்று சொல்வார்கள்" என்று முடித்துப் போடுங்கள்.

பலகையைச் சுண்ணாம்புச் சுவரில் டிரில் போட்டு மாட்ட வேண்டாம், பூச்சு தகடாகப் பெயர்ந்துவிடும். மரச் சட்டத்தில் தொங்கவிடுங்கள், அல்லது தனி ஸ்டாண்டில் வையுங்கள். பத்திர நகல், வரைபடம், ஃபோட்டோ எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்து, ஒன்றை உணவகத்துக்கு வெளியே வையுங்கள். கிச்சன் பக்கத்து அலமாரி காகிதத்துக்கு ஆகாது.