பயனில்லாச் சாதனைகள்: கேள்வியும் பதிலும்

பதிலளிப்பவர் கோபிசெட்டிபாளையத்தில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொங்கு வட்டாரத்தில் நடந்த சாதனை முயற்சிகள் சிலவற்றில் சாட்சியாகவும் நேரம் குறிப்பவராகவும் இருந்தவர்.

பல்லடம்: ஐயா, ஒருவர் ஒன்று முதல் பத்து லட்சம் வரை எல்லா எண்களையும் எழுத்தால் தட்டச்சு செய்தார் என்கிறான் என் தம்பி. உண்மையா?

உண்மைதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த லெஸ் ஸ்டூவர்ட் 1982-இல் தொடங்கி 1998 டிசம்பரில் முடித்தார். இலக்கங்களாக அல்ல, ஒவ்வோர் எண்ணையும் ஆங்கிலச் சொற்களாகவே அடித்தார்; 19,990 தாள்கள் நிரம்பின. இதற்கு இணையாக, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜெரமி ஹார்ப்பர் என்பவர் 2007-இல் அதே பத்து லட்சத்தை வாயால் எண்ணி 89 நாள்களில் முடித்தார். நாளொன்றுக்கு 16 மணி நேரம் என்று கொண்டால், ஓர் எண்ணுக்குச் சராசரியாக ஐந்து விநாடிக்குச் சற்றே கூடுதலாக வருகிறது. எண்கள் ஆறு இலக்கத்தைத் தொட்ட பிறகு அந்த வேகத்தை விடாமல் காப்பது எத்தகைய பாடு என்பதை நீங்களே ஐந்து நிமிடம் சொல்லிப் பார்த்து அறியலாம்.

எனக்கு இதில் சுவையானது சான்று பற்றிய செய்தி. ஸ்டூவர்ட்டின் தாள்களே அவருக்குச் சாட்சி. ஹார்ப்பரின் குரலோ சொன்ன கணமே காற்றில் போய்விடும். ஆகவே அவர் வீட்டைவிட்டு வெளியேறாமல், இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பிக்கொண்டே எண்ணினார். செயல் எத்தனை அற்பமாக இருந்தாலும் இருக்கட்டும், அதை அளந்து காட்ட வழியுண்டா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

அவிநாசி: கின்னஸ் சாதனை செய்தால் எவ்வளவு பணம் தருவார்கள்?

எதுவும் தர மாட்டார்கள். சான்றிதழ் மட்டுமே கிடைக்கும்.

ஈரோடு: என் மகளுக்கு நான்கு வயது. நாடுகளின் தலைநகரங்களை வரிசையாகச் சொல்வாள். ‘உலக சாதனைப் பதிவு’ என்று ஒரு நிறுவனம் கட்டணம் கேட்கிறது. கட்டலாமா?

கட்ட வேண்டாம். சாதனை என்பது அளக்கக்கூடியதாக, பிறர் முறியடிக்கக்கூடியதாக, எங்கு செய்தாலும் ஒரே விதிக்கு உட்பட்டதாக, சரிபார்க்கக்கூடியதாக, ஒரே ஓர் அளவைச் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்பது கின்னஸ் வகுத்துள்ள அடிப்படை. ‘இந்த வயதில் இத்தனை திறமை’ என்பது பாராட்டுக்குரியதே தவிர இந்த வரையறைக்குள் வராது. பணம் கட்டிய அனைவருக்கும் பதக்கமும் சால்வையும் தரும் இடத்தில் அளவுகோல் என்று ஒன்றும் இருப்பதில்லை. குழந்தை மகிழ்ச்சியாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். மேடைக்காக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

சத்தியமங்கலம்: கின்னஸ் புத்தகம் எப்படித் தோன்றியது?

வினாடி வினா நூல்கள் எல்லாவற்றிலும் உள்ளது. 1951-இல் அயர்லாந்தில் வேட்டைக்குச் சென்ற கின்னஸ் மதுபான நிறுவன மேலாளர் ஹியூ பீவர், ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளில் மிக வேகமானது எது என்ற வாதத்தில் சிக்கினார். இத்தகைய வாதங்களைத் தீர்க்க ஒரு நூல் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முதல் பதிப்பு 1955-இல் வந்தது.

தாராபுரம்: தொடர்ந்து தூங்காமல் இருக்கும் சாதனைக்குப் பயிற்சி எடுக்கிறேன். ஆலோசனை வேண்டும்.

தூங்குங்கள் என்பதுதான் ஆலோசனை. 1963-64-இல் பதினேழு வயது மாணவர் ராண்டி கார்ட்னர் 264 மணி நேரம் விழித்திருந்தார். முதுமையில் கடுமையான தூக்கமின்மையால் துன்புற்றதாக அவரே கூறினார். உடலுக்குக் கேடு என்பதால் கின்னஸ் இப்பிரிவை ஏற்பதில்லை. மேற்கொண்டு மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

பொள்ளாச்சி: எங்களுக்குக் கயிற்றுத் தொழில். உலகின் மிகப் பெரிய கயிற்று உருண்டை எது?

இந்தக் கேள்வியைப் பொள்ளாச்சியிலிருந்து யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். மின்னசோட்டா மாநிலத்தின் டார்வின் என்னும் சிற்றூரில் பிரான்சிஸ் ஜான்சன் என்பவர் 1950-இல் கயிற்றைச் சுற்றத் தொடங்கி 29 ஆண்டுகள் தனியாகவே சுற்றினார். உருட்ட முடியாத அளவுக்குப் பெருத்த பின் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றினார். எடை 17,400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.9 டன். கான்சாஸ் மாநிலத்தின் காக்கர் சிட்டியில் பிராங்க் ஸ்டோபர் 1953-இல் தொடங்கிய உருண்டையை, அவருக்குப் பின் ஊரே ஆண்டுதோறும் கூடிச் சுற்றி வளர்க்கிறது. எனவே ‘மிகப் பெரியது’ என்ற பட்டத்துக்கு இரண்டு ஊர்களும் உரிமை கோருகின்றன: ஒன்று தனியொருவர் சுற்றியது, மற்றது ஊர் கூடிச் சுற்றியது. நான் டார்வின் பக்கம். ஒருவரின் கை செய்ததற்குக் கணக்கு உண்டு; ஆள் சேரச் சேர வளர்வதில் யாருடைய சாதனை என்று எதைச் சொல்வது?

பெருந்துறை: இதை ஏற்க முடியாது, ஐயா. ஆயிரக்கணக்கில் பெண்கள் கூடி வள்ளிக்கும்மி ஆடுகிறார்களே, அதுவும் சாதனை இல்லையா?

அமைப்பாளரின் சாதனை. ஆடும் பெண் ஒருவருக்கு அங்கே தலைக்கணக்கில் ஓர் இடம், அவ்வளவே.

பெருந்துறை: வேலை முடிந்து வந்து, மாதக்கணக்கில் இரவில் பயிற்சி எடுத்து அரங்கேறியவர்கள் அவர்கள். பெண்களுக்கும் இக்கலையைக் கற்றுத் தந்தமைக்காகத்தான் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ வழங்கினார்கள். ஒருவர் அடி தவறினால் வட்டமே குலையும். இது வெறும் தலைக்கணக்கா?

கலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வள்ளி திருமணக் கதையை விடிய விடியப் பாடி ஆடும் ஓர் ஊர்க் குழுவின் அடவுகளில் உள்ள நயம், ஐயாயிரம் பேர் திரளும் மைதானத்தில் அளக்கப்படுவதில்லை என்றே சொல்கிறேன். பதிவேட்டில் ஏறுவது எண்ணிக்கை ஒன்றுதான்.

பெருந்துறை: சரியாக ஆடாதவர்களைக் கண்காணிப்பாளர்கள் கழித்துவிடுகிறார்களே! அப்படியானால் திறமையும் அளக்கப்படுகிறது என்றுதானே பொருள்?

நல்ல வாதம். ஆனால் அது தேர்ச்சி மதிப்பெண். முப்பத்தைந்து வாங்கியவரும் நூறு வாங்கியவரும் அங்கே ஒன்றே. மிக நன்றாக ஆடும் பெண்ணும் கணக்கில் ‘ஒன்று’தான்.

கோவை: பெருந்துறைக்காரர் சொல்வதே சரி. தனியாகச் செய்தால்தான் சாதனை என்றால், வெள்ளியங்கிரி அடிவாரத்தில் உள்ள 112 அடி ஆதியோகி சிலையும் தனியொருவர் செய்ததில்லையே. அதையும் மிகப் பெரிய மார்பளவுச் சிலை என்று கின்னஸ் ஏற்றிருக்கிறது.

அந்தப் பட்டம் சிலைக்கு உரியது. சிலை வியர்ப்பதுமில்லை, பெருமைப்படுவதுமில்லை. அதனால் எனக்கு அதில் வழக்கில்லை. கும்மியைப் பற்றி இன்னும் எழுத விரும்புவோர் கேள்வியாக எழுதவும்.

நாமக்கல்: ஒரே அமர்வில் அதிக முட்டை உண்ணும் சாதனை இருக்கிறதா?

தாராபுரத்துக்குச் சொன்னதே உங்களுக்கும்: உடலுக்குக் கேடு. செஸ்னா 150 விமானம் ஒன்றை 1978 முதல் 1980 வரை சிறுகச் சிறுகத் தின்று தீர்த்த பிரெஞ்சுக்காரர் மிஷேல் லொத்தித்தோ ஒருவரே போதும்; அவரைப் பின்பற்ற வேண்டாம்.

காங்கேயம்: கின்னஸ் பரிசுத்தொகை குறித்து...

அவிநாசிக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும்.

பொள்ளாச்சி: ஐயா, நாங்கள் தென்னங்கயிற்றில் உருண்டை சுற்றினால் எப்படி அளப்பது?

சுற்றத் தொடங்கும் முன்பே கின்னஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். தென்னங்கயிற்றுக்குத் தனிப்பிரிவு உண்டா, மற்றக் கயிறுகளுடன் சேர்த்தா என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும். இது தெரியாமல் சுற்றிய கயிறு வீண். உருண்டை ஒரு பக்கம் அமுங்கிப் போகுமாதலால் சுற்றளவை ஒரே இடத்தில் எடுக்காமல், குறுக்கிலும் நெடுக்கிலும் பல இடங்களில் எடுத்துக் குறித்துவையுங்கள். எடையை லாரிகள் ஏறும் எடை மேடையில் போட்டு, வண்டியின் வெற்று எடையையும் சேர்த்து ரசீது வாங்குங்கள். நாள்தோறும் எவ்வளவு கயிறு ஏறியது என்று ஒரு நோட்டில் எழுதி, உறவினரோ பங்காளியோ அல்லாத இருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் எடை போடாதீர்கள். கயிறு குடித்த தண்ணீரும் கணக்கில் ஏறிவிடும்.