பாசோபில் பக்கத்தில் 'எச்' போட்டிருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வருஷாவருஷம் கம்பெனியிலேயே ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். இந்த முறை ரிப்போர்ட்டில் பாசோபில் 2.1 சதவீதம் என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் 'எச்', அதாவது அதிகம், என்று குறித்திருக்கிறார்கள். போன வருஷ ரிப்போர்ட்டில் அதே இடத்தில் 0. ஹீமோகுளோபின் 14.6, மொத்த வெள்ளணுக்கள் 5,200, பிளேட்லெட் 2.4 லட்சம். இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்று வருகிறது. அவ்வப்போது உடம்பில் தடிப்பு தடிப்பாக வந்து அரிக்கும். செட்ரிசின் போட்டால் அடங்கிவிடும். அதனால்தான் கூடியிருக்குமா? வேறு என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

பதில்: பாசோபில் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை. முதலில் ஒரு சின்னக் கணக்கு. மொத்த வெள்ளணு 5,200. அதில் 2.1 சதவீதம் என்றால் 109. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் உங்களுக்கு இருக்கும் பாசோபில்கள் அவ்வளவுதான். பெரும்பாலான லேப்கள் 100 வரை நார்மல் என்கின்றன. சில லேப்கள் 200 வரை விடுகின்றன. அதாவது கடுமையான லேபின் எல்லையை நீங்கள் ஒன்பது செல்லால் தாண்டியிருக்கிறீர்கள். இன்னொரு லேபில் கொடுத்திருந்தால் அந்த 'எச்' வந்தே இருக்காது.

பாசோபில்லைப் பொறுத்தவரை சதவீதத்தை மட்டும் பார்ப்பது ஆளை ஏமாற்றிவிடும். வைரஸ் காய்ச்சல் வந்து எழுந்த ஒருவருக்கு மொத்த வெள்ளணு 2,800-க்கு இறங்கியிருக்கலாம். அவருக்குப் பாசோபில் 3 சதவீதம் என்று வந்தால் ரிப்போர்ட்டில் 'எச்' விழும். கணக்குப் போட்டால் 84 தான், கூடவே இல்லை. மற்ற செல்கள் குறைந்ததால் இதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது. இன்னொருவருக்கு மொத்த வெள்ளணு 90,000, பாசோபில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதம் உங்களுடையதைவிடக் குறைவு. ஆனால் எண்ணிக்கை 1,800, உங்களைப் போலப் பதினாறு மடங்கு. ஹெமட்டாலஜி (ரத்தநோய்) டாக்டரை உடனே பார்க்க வேண்டியவர் இந்த இரண்டாமவர்தான். உங்கள் ரிப்போர்ட்டிலேயே 'அப்சொல்யூட் பாசோபில் கவுண்ட்' என்று தனி வரி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் மேலே செய்த பெருக்கல் போதும்.

சரி, போன வருஷம் 0, இந்த வருஷம் 2.1. ஒரே வருஷத்தில் இவ்வளவு ஏறுமா? இதற்கு எண்ணும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சின்ன லேப்களில் இன்றும் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து, லீஷ்மன் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் நூறு வெள்ளணுக்களை எண்ணுவார்கள். வெள்ளணுக்களில் மிக அதிகமாக இருக்கும் நியூட்ரோபில் ஐம்பது அறுபது கிடைக்கும்; அதில் இரண்டு மூன்று கூடக்குறைய வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பாசோபில்லோ நூறில் ஒன்று இருந்தாலே அதிகம். உண்மையில் சரியாக ஒரு சதவீதம் இருக்கும் ஒருவரின் தகட்டில் நூறு செல்களை எண்ணினால், ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்று கிடைக்கவும் அதே 37 சதவீதம். இரண்டு கிடைக்க 18 சதவீதத்துக்கு மேல். ஆக, ரத்தத்தில் எதுவுமே மாறாமல் 0 என்றும் 2 என்றும் ரிப்போர்ட் வரும்.

மிஷின் ஆயிரக்கணக்கில் எண்ணுவதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் மிஷின்களுக்கும் பாசோபில் என்றால் கொஞ்சம் தடுமாற்றம்தான். சில மிஷின்களில் ஒரு திரவம் மற்ற வெள்ளணுக்களையெல்லாம் உரித்து வெறும் நியூக்ளியஸாக ஆக்கிவிடும். பாசோபில் மட்டும் அதற்குத் தாக்குப்பிடிக்கும். அப்படி முழுசாக நின்றதையெல்லாம் பாசோபில் என்று மிஷின் எண்ணிக்கொள்ளும். இயல்பு மாறிய லிம்போசைட்டோ (வெள்ளணுவில் இன்னொரு வகை) முதிராத செல்லோ தாக்குப்பிடித்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். கம்பெனி கேம்ப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. காலையில் வரிசையாக எல்லோரிடமும் ரத்தம் எடுத்து, அந்த ஊதா மூடிக் குழாய்களை மொத்தமாகக் கட்டி எங்கோ இருக்கும் லேபுக்கு அனுப்பி, அங்கே சாயங்காலம் ஓட்டினால், செல்கள் வாடிப்போயிருக்கும். வாடிய செல்லை மிஷின் தப்பாக வகைப்படுத்துவது புதிதல்ல. மிஷின் கொடுத்த பாசோபில் எண்ணைத் தகட்டில் சரிபார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை. மைக்ராஸ்கோப்பில் நிஜப் பாசோபில்லைப் பார்த்தால் சந்தேகமே வராது. கருநீலக் குருணைகள் செல் முழுக்க அப்பியிருக்கும், நியூக்ளியஸே சரியாகத் தெரியாது.

இந்தச் செல்லைச் சாயம் போட்டு முதலில் அடையாளம் காட்டியவர் ஜெர்மனியின் பால் எர்லிக், 1879-ல். அந்தக் குருணைகளுக்குள் ஹிஸ்டமின், ஹெப்பரின் போன்றவை இருக்கின்றன. அலர்ஜியின்போது அவை வெளியே கொட்டுவதால்தான் தடிப்பு, அரிப்பு, மூக்கில் நீர் எல்லாம். அதனால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் பதில் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. உடம்பில் தடிப்பு கிளம்பியிருக்கும் நேரத்தில் ரத்தத்தில் பாசோபில் பெரும்பாலும் குறையும். அவை தோலுக்குப் போய்விடுகின்றன. நாள்பட்ட அலர்ஜியில் லேசாகக் கூடுவதும் உண்டு என்றாலும், உங்கள் அரிப்பை இந்த எண்ணை வைத்து அளக்க முடியாது. அலர்ஜிக்கு ரத்தத்தில் துப்புத் தேடுகிறோம் என்றால் ஈசினோபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுவையும், அலர்ஜியில் கூடும் ஐஜிஈ என்ற ஆன்டிபாடியின் அளவையும்தான் பார்ப்போம். செட்ரிசினும் வெளிவந்த ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்குமே தவிர, பாசோபில் எண்ணிக்கையைத் தொடாது. எண் குறையட்டும் என்று தினமும் போட வேண்டாம்.

இணையம் காட்டிய புற்றுநோய் விஷயத்துக்கு வருவோம். அது முழுப்பொய் இல்லை. சிஎம்எல் என்ற நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் பாசோபில் கூடுவது முக்கியமான அடையாளம்தான். ஆனால் அது தனியாக வராது. மொத்த வெள்ளணு பல பத்தாயிரங்களில், சில சமயம் லட்சத்துக்கும் மேல் இருக்கும். எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருக்க வேண்டிய மைலோசைட், மெட்டாமைலோசைட் போன்ற இளம் செல்கள் ஸ்மியரில், அதாவது ரத்தம் தேய்த்த தகட்டில், தெரியும். பிளேட்லெட்டும் கூடியிருக்கலாம். மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். காரணமில்லாமல் எடை குறையும். இந்தக் கூட்டத்தோடு பாசோபில்லும் ஏறியிருந்தால் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்வோம். அந்த நோயும் முன்போல இல்லை. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த இமாடினிப் மாத்திரை வந்த பிறகு, சிஎம்எல் வந்த பலர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். 2013-ல் நம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தின் காப்புரிமைக் கோரிக்கையை ஏற்காததால், இந்தியக் கம்பெனிகளின் மாத்திரையும் கிடைக்கிறது. உங்களுக்கு இது தேவைப்படும் என்று சொல்லவில்லை. இரவெல்லாம் தேடிப் படித்திருப்பீர்கள் என்பதால் சொன்னேன்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைதீமியா வேரா. அதில் ஹீமோகுளோபின் ஏறும், ஆண்களுக்கு 16.5-க்கு மேல் போனால்தான் அந்தத் திசையில் யோசிப்போம். வெந்நீரில் குளித்து வந்ததும் உடம்பெல்லாம் அரிக்கும், ஆனால் தடிப்பு இருக்காது. உங்களுக்கு ஹீமோகுளோபின் 14.6, தடிப்போடு அரிப்பு. பொருந்தவில்லை.

லேசாகக் கூடுவதற்குச் சாதாரணக் காரணங்களும் இருக்கின்றன. தைராய்டு குறைவாகச் சுரப்பது, இரும்புச்சத்துக் குறைவு, பெருங்குடல் புண் நோய், அம்மை மாதிரியான தொற்று, மண்ணீரலை ஆபரேஷன் செய்து எடுத்திருப்பது. இதில் தைராய்டை மட்டும் கவனிக்கச் சொல்வேன். நாள்பட்ட தடிப்பு அரிப்பு உள்ளவர்களில் சிலருக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்திருக்கும். அதற்கு டிஎஸ்ஹெச் (TSH) என்று எளிய ரத்த டெஸ்ட் இருக்கிறது. போன வருஷத்து 0-க்கு எந்த விளக்கமும் தேவையில்லை. காய்ச்சல், மன அழுத்தம், ஸ்டீராய்டு மாத்திரை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, பெண்களுக்குக் கர்ப்பம், இதிலெல்லாம் பாசோபில் குறையும். 0 என்பதற்காக மட்டும் யாருக்கும் வைத்தியம் செய்வதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நாலு வாரம் கழித்து, சளி காய்ச்சல் இல்லாத நாளில், நேரடியாக ஒரு லேபுக்குப் போய் சிபிசி (எல்லா ரத்த செல்களையும் எண்ணும் டெஸ்ட்) எடுங்கள். "பெரிஃபெரல் ஸ்மியரும் பார்த்து ரிப்போர்ட் கொடுங்கள்" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெறும் வயிறு தேவையில்லை. கூடவே டிஎஸ்ஹெச். அரிப்புக்காக எப்போதாவது பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது எண்ணைக் கீழே இழுத்துவிடும். ரத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பீட்ரூட் ஜூஸ், கஷாயம், பவுடர் என்று யாராவது வந்தால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாசோபில்லைக் குறைக்கும் சாப்பாடு எதுவும் கிடையாது.

அடுத்த ரிப்போர்ட்டில் அப்சொல்யூட் எண்ணிக்கை 200-க்குள் இருந்து, ஸ்மியரில் இளம் செல்கள் இல்லையென்றால், அடுத்த வருஷப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம். மறுபடி எடுத்தும் 200-க்கு மேலேயே நின்றாலோ, மொத்த வெள்ளணு அல்லது பிளேட்லெட் சேர்ந்து ஏறினாலோ, ஹெமட்டாலஜி டாக்டரைப் பாருங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள், அந்த 0 வந்த ரிப்போர்ட் உட்பட.