வானத்தில் தெரிந்த வெளிச்சம்: டெல்டாக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

போன வாரம் ஒரு ராத்திரி மன்னார்குடியிலிருந்து வேதாரண்யம் வரை பலர் வானத்தில் விளக்குகள் வரிசையாகப் போவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதிலிருந்து கேள்விகள் குவிகின்றன. இப்படிப்பட்ட காட்சிகளை அரசாங்கங்கள் எப்படி விசாரித்தன என்பதை வெகுகாலமாகப் படித்து வருகிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

மன்னார்குடி: சார், சத்தமே இல்லாம ஒரே கோட்டுல முப்பது விளக்கு வந்துச்சு. தலைக்கு மேல தாண்டுனதும் ஒண்ணொண்ணா அணைஞ்சுபோச்சு. நடு வானத்துல எப்படி சார் அணையும்?

அப்படி அணைந்ததுதான் துப்பு. அவை இணைய வசதிக்காக ஒரு அமெரிக்க நிறுவனம் அனுப்பும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் தொகுப்பில் 60 போயின. அப்போதிருந்து தொகுப்பு தொகுப்பாக ஏவி வருகிறார்கள். ஏவிய சில நாள் ஒன்றன்பின் ஒன்றாகவே போகும். அவற்றுக்குச் சொந்த ஒளி கிடையாது. நமக்குப் பொழுது சாய்ந்த பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பூமியின் நிழலுக்குள் போனதும் மறைந்துவிடும். எல்லாமே ஏறக்குறைய ஒரே இடத்தில் மறைந்தனவா என்று உங்கள் வீடியோவில் பாருங்கள்.

குத்தாலம்: மேகம் தாழ்ந்திருக்கும்போது ஒரு பக்கம் வானமே செம்மஞ்சளா துடிக்குதுங்க.

எரிவாயு எடுக்கும் இடங்களில் உபரி வாயுவை எரிக்கும் சுடரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதன் ஒளி மேகத்தின் அடியில் பட்டு அப்படித் தெரியும்.

தஞ்சாவூர்: ஒரு வெள்ளை வெளிச்சம் நாலு நிமிஷம் அசையாம நின்னுட்டு, சட்டுனு திரும்பி ஓடிச்சு. விமானம் அப்படி நிக்குமா சார்?

நேராக நம்மை நோக்கி வரும் விமானத்தின் முன்விளக்கு நிற்பது போலத்தான் தெரியும். திரும்பும்போதுதான் ஓட்டம் புலப்படும். உங்கள் ஊர் விமானப் படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய் போர் விமானப் படைப்பிரிவும் இருக்கிறது. ஆனால் நீங்கள் திசையையும் நேரத்தையும் எழுதவில்லை. அவை இல்லாமல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

திருத்துறைப்பூண்டி: அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் விசாரிச்சு மூடி மறைச்சுட்டான்னு சொல்றாங்களே?

விசாரித்தது உண்மை. 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருட்கள் அசாத்திய வேகத்தில் பறந்ததாகச் சொன்னார். நாடு முழுவதும் புகார்கள் கிளம்பின. விமானப் படை 'சைன்', 'கிரட்ஜ்' என்ற பெயர்களில் விசாரித்து, 1952இல் 'புளூ புக்' திட்டத்துக்கு வந்தது. 1969 டிசம்பரில் அதை மூடியபோது கணக்கில் இருந்தவை 12,618 காட்சிகள். அவற்றில் 701 விளங்காதவை. கோப்புகள் இன்று அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன.

அந்த 701ஐ வைத்துக்கொண்டு வேற்றுக்கிரகவாசிகள் வந்தார்கள் என்பது தவறு. விளங்காதது என்றால் முடிவு சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. 1953 ஜனவரியில் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. கூட்டிய ராபர்ட்சன் குழு என்ற அறிவியலாளர் குழு, இந்தச் செய்திகளில் மக்களுக்குள்ள ஆர்வத்தைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. விசாரிக்க வேண்டியவர்களே வாயடைக்கப் பார்த்தால் ஜனங்கள் எப்படி நம்புவார்கள்?

கோட்டூர்: எங்க அப்பாயி சின்ன வயசுல வயக்காட்டுல கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்தேன்னு சொல்லும். எல்லாரும் சிரிக்கிறாங்க. அது பொய்யா அண்ணே?

பொய் இல்லை தம்பி. சேற்றில் தழையும் வேரும் அழுகி வாயு கிளம்பும். அது எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. ஆனால் இப்படி மங்கலாக மினுங்கும் வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

சிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் போலீஸ்காரர்களும் கல்லூரி மாணவிகளும் வெளிச்சங்களைப் பார்த்தார்கள். புளூ புக்கின் வானியல் ஆலோசகர் ஆலன் ஹைனெக் சில நாளிலேயே பத்திரிகையாளர்களைக் கூட்டி, சதுப்பு நில வாயுவாக இருக்கலாம் என்றார். பார்த்தவர்களை முட்டாளாக்குவதாக ஊரே கொதித்தது. பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு அந்த மாநிலத்துக்காரர். நாடாளுமன்ற விசாரணை கேட்டார். அதன் பிறகுதான் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்டு காண்டன் தலைமையில் தனி ஆய்வு வந்தது. அந்த ஆய்வறிக்கையை வைத்தே புளூ புக்கை மூடினார்கள்.

சதுப்பு வாயு வெளிச்சம் தரையை ஒட்டித்தான் தெரியும். தென்னைக்கு மேலே ஏறி ஊரைக் கடந்து போனதென்றால் அது வேறு.

முத்துப்பேட்டை: நம்ம நாட்டுல யாரும் விசாரிச்சதே இல்லையா?

லடாக்கில் நடந்தது. 2012 ஆகஸ்ட் முதல் அடுத்த பிப்ரவரி வரை எல்லையில் ராணுவத்தினர் 329 முறை வெளிச்சங்களைப் பதிவு செய்தார்கள். சீன உளவு விமானமோ என்று சந்தேகம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரிடம் கேட்டபோது, அவை வெள்ளியும் வியாழனும் என்று கண்டுபிடித்தார்கள். காவலுக்கு நின்றவர்களைக் குறை சொல்லக் கூடாது. அவர்கள் ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் கோள் என்று சொல்லவே முடிந்தது.

நீடாமங்கலம்: வயல்ல இறங்குன மாதிரி தடம் இருந்தா, மண்ணை எடுத்துச் சோதிப்பாங்களா?

பிரான்சில் சோதித்தார்கள். அங்கே விண்வெளி நிறுவனத்துக்குள்ளேயே 1977 முதல் இதற்கென்று ஒரு பிரிவு உண்டு. 1981 ஜனவரியில் த்ரான்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் என்ற ஊரில் ஒருவர், தன் நிலத்தில் ஏதோ இறங்கி ஏறியதாகச் சொன்னார். காவலர்கள் வந்து, தடம் இருந்த இடத்து மண்ணையும் குதிரைமசால் இலைகளையும் எடுத்தார்கள். இலையில் பச்சையம் குறைந்திருந்தது என்றார் சோதித்த உயிரியலாளர். அந்த முடிவின் மேல் இன்றும் சர்ச்சை உண்டு. ஆனாலும் ஒருவர் சொன்னதை மதித்து மண்ணை அள்ளிப் பார்த்தார்களே, அந்த முறை எனக்குப் பிடிக்கிறது.

வேதாரண்யம்: அடுத்த தடவை பார்த்தா நாங்க என்ன செய்யணும்?

முதலில் மணியைப் பாருங்கள். அப்புறம் திசை: கோயில் கோபுரத்துக்கு இடப்பக்கமா, கலங்கரை விளக்கத்துக்கு நேரா என்று குறித்தால் போதும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எண்ணுங்கள். நகர்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஒரு கம்பத்தின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் நிற்பதும் நகர்வதாகவே தோன்றும். மற்றவர்களோடு பேசுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பேசினால் அவர்கள் பார்த்ததும் உங்கள் நினைவில் கலந்துவிடும்.

கிழிந்த ரப்பர் பலூனும் சிறு பெட்டியும் வயலில் விழுந்து கிடந்தால் பயப்படாதீர்கள். காரைக்கால் வானிலை நிலையத்திலிருந்து பலூன் விடுகிறார்கள். உலோகத் துண்டு என்றால் மட்டும் கை வைக்கக் கூடாது. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் பக்கம் வானத்தில் ஏதோ எரிந்துகொண்டு போனதே, அது சீன ராக்கெட்டின் பாகம். பெரிய வளையமே ஊருக்குள் விழுந்தது. ராக்கெட் எரிபொருள் ஒட்டியிருந்தால் விஷம். பிள்ளைகளைக் கிட்டே விடாமல் வி.ஏ.ஓ.வுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள்.