நான்கு நிறத் தொட்டி வைத்தும் குப்பை ஒன்றாகவே போகிறதா?

கேள்வி: மொரீசியஸில் மோக்கா பக்கம் படிக்கிறேன். மாணவர் சங்கம் சார்பில் ‘ஜீரோ வேஸ்ட் வளாகம்’ என்று தொடங்கி, நான்கு நிறத் தொட்டிகள் வாங்கி வைத்தோம். ஒரு பருவம் முடிவதற்குள் எல்லாத் தொட்டியிலும் எல்லாம் கிடக்கிறது. இன்னும் தொட்டி வாங்க நிர்வாகம் பணம் தருவதாகச் சொல்கிறது. எங்கிருந்து சரிசெய்வது?

பதில்: தொட்டி வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில் ஒரு நாள் மாலை, துப்புரவுப் பணியாளர் வண்டி தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்து பாருங்கள். பெரும்பாலும் அதில் இருப்பது ஒரே ஒரு பெரிய பைதான். நான்கு தொட்டியும் அதற்குள்தான் கவிழும். அவரைக் குறை சொல்ல முடியாது. தொட்டியைக் காலி செய் என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது. ஆனால் இதை ஒரு தடவை பார்த்துவிட்ட மாணவன் அப்புறம் ஏன் பிரித்துப் போடப்போகிறான்? ஆகவே எந்தக் குப்பையை யார் எடுத்துப்போவார், எந்தக் கிழமை வருவார் என்று முதலில் பேசி முடியுங்கள். பெட் பாட்டிலுக்கும் அட்டைக்கும் ஆள் கிடைப்பார்கள். எடுக்க ஆளில்லாத வகைக்குத் தொட்டியே வேண்டாம். உங்கள் நான்கில் ஒன்றிரண்டு இதிலேயே கழிந்துவிடும்.

அடுத்தது எடை. தேர்வோ விழாவோ இல்லாத சாதாரண வாரத்தில், தார்ப்பாய் விரித்து, கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு நாள் குப்பையைக் கொட்டிப் பிரித்துத் தராசில் நிறுங்கள். கழிப்பறைக் குப்பையைத் தொட வேண்டாம். தீவின் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியதுதான். உங்கள் கேண்டீன் பக்கம் இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அதெல்லாம் போய்ச் சேருவது 1997 முதல் இயங்கிவரும் மார் ஷிகோஸ் குப்பைமேட்டுக்கு. 2022 நவம்பரில் அங்கே பிடித்த தீ வாரக்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும். சோறும் கறியும் அங்கே காற்றுப்படாமல் புதைந்து மீத்தேனாக மாறுகின்றன. ஆகவே ஒன்றே ஒன்றைத்தான் பிரிக்க முடியும் என்றால் ஈரக் குப்பையைப் பிரியுங்கள். கறிக்குழம்பு படாத அட்டையும் பாட்டிலும்தான் விலைபோகும்.

ஈரக் குப்பையை வளாகத்திலேயே உரமாக்கலாம். ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு, கரும்புத்தோகை. உங்கள் பக்கம் தோகைக்குப் பஞ்சமில்லை. குவியல் ஒரு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலமாவது இருந்தால்தான் நடுவில் சூடு ஏறும். நன்றாக நடந்தால் 55 டிகிரியைத் தாண்டும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக்கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது. சருகு போட்டுக் கிளறினால் அடங்கும். மீனும் இறைச்சியும் போட்டால் எலி வரும். மேட்டுப் பகுதி மழைக்குக் கூரை அவசியம். நிர்வாகம் தரும் பணம் இந்தக் கூரைக்குத்தான்.

தால்பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) சுற்றிவரும் காகிதத்தைக் கவனியுங்கள். எண்ணெயும் சட்னியும் பட்டதைக் காகிதக் கடைக்காரர் எடுக்கமாட்டார். பூச்சு இல்லாத வெறும் காகிதமென்றால் கிழித்து உரக்குவியலில் போடலாம். கிழிக்கும்போது மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து வந்தால் அது மக்காது. 2021 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்ட்ரா எல்லாம் தடையான பிறகு, ‘மக்கும்’ என்று அச்சடித்த கப்புகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் பல, வெப்பத்தைத் தொடர்ந்து கட்டிக்காக்கும் பெரிய உரக்கூடத்தில்தான் மக்கும். உங்கள் குவியலில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கப்பை மாற்றுவதைவிட எவர்சில்வர் டம்ளரும் கழுவ ஒரு தொட்டியும் மேல். கேண்டீன் குத்தகை புதுப்பிக்கும்போது இதை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். துப்புரவு ஒப்பந்தத்தில், ஈரக் குப்பைக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என ‘இரண்டு பை’ என்ற வரியும் அப்படியே. சங்க நிர்வாகிகள் ஆண்டுதோறும் மாறுவார்கள், ஒப்பந்தம் நிற்கும். சுவரொட்டிப் போட்டியெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

தொட்டிகளை எப்போதும் ஈரத்துக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என ஜோடியாக வையுங்கள். தனியாக நிற்கும் தொட்டியில் கண்டதும் விழும். வகுப்பறைத் தொட்டிகளை எடுத்துவிடலாம். படம் வரைந்து ஒட்டாமல், உங்கள் கேண்டீனில் விற்கிற உறையையே மூடியில் ஒட்டுங்கள்.

‘ஜீரோ’ என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். குப்பைமேட்டுக்குப் போகாமல் 90 சதவீதம் திருப்பினாலே உலக அளவில் அந்தப் பெயரைத் தருகிறார்கள். முதல் ஆண்டில் பாதி திரும்பினாலே நல்ல வேலைதான்.

காவடி சமயத்தில் தமிழ்ச் சங்கம் வாழை இலையில் ஏழு கறி விருந்து போட்டால் உங்களுக்குக் கொண்டாட்டம், இலையோடு எல்லாம் உரக்குவியலுக்குப் போகும். வாழை இலையின் நடுத்தண்டு மக்க நாளாகும் என்பதால் நறுக்கிப் போடுங்கள். அன்றைக்குக் கெடுப்பது தண்ணீர் பாட்டில்தான். குழாய் வைத்த டிரம் இரண்டு போதும்.

புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு வருவதற்குள் காலித் தொட்டிகளை உள்ளே எடுத்து, குவியலை வலை போட்டுக் கட்டிவிடுங்கள். விடுமுறையில் கிளறும் பொறுப்பைத் தோட்டக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். உரம் அவருடைய பாத்திகளுக்குத்தான் போகப்போகிறது என்பதால் மறுக்கமாட்டார்.