பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டிலேயே ‘கரண்ட்’ வைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. இரண்டரை மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார், ஆனால் பாதம் தரையில் இழுபடுகிறது. கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன. தோளும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 15 வருடமாகச் சர்க்கரை உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். பிசியோதெரபியில் ‘கரண்ட்’ வைத்தார்கள். தினமும் ஆட்டோவில் கூட்டிப்போகக் கட்டுப்படியாகாததால் ஆன்லைனில் ‘டென்ஸ்’ மெஷின் ஒன்று வாங்கினோம். முன்கையின் உள்பக்கத்தில் 40 நிமிடம் வைத்ததில் விரல்கள் இன்னும் இறுகிவிட்டன, பேட் ஒட்டிய இடம் சிவந்துவிட்டது. பவரைக் கூட்டினால் நரம்பு சீக்கிரம் உயிர்பெறும் என்கிறார் உறவினர் ஒருவர். இந்த மெஷின் சரியானதா? எங்கே, எவ்வளவு நேரம் வைப்பது?
– வாசகி, திண்டுக்கல்

மருத்துவர் பதில்:

முன்கையின் உள்பக்கத்தில் வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். விரல்களை மடக்கும் தசைகள் இருப்பது அந்தப் பக்கம்தான். பக்கவாதத்தில் அவை ஏற்கெனவே முறுக்கேறி இருக்கும். அவற்றுக்கே கரண்ட் கொடுத்தால் கை இறுகத்தான் செய்யும். விரலைத் திறக்கும் தசைகள் முன்கையின் வெளிப்பக்கத்தில், அதாவது புறங்கை இருக்கும் பக்கத்தில் உள்ளன. பேட் ஒட்ட வேண்டிய இடம் அது.

உறவினர் சொல்வதைப் பற்றி. உங்கள் அப்பாவின் கையில் நரம்பு சாகவில்லை. பாதிப்பு மூளையில். தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் நரம்பு நன்றாகவே இருக்கிறது, அதற்குக் கட்டளை வருவதுதான் தடைப்பட்டிருக்கிறது. தோலின் மேல் கொடுக்கும் கரண்ட் அந்த நரம்பைத் தூண்டுகிறது, நரம்பு தசையைச் சுருக்குகிறது. எலும்பு முறிவில் நரம்பே அறுந்துபோனவருக்கு இதே மெஷினை வைத்தால் தசை அசையாது. அதற்கு நூறு மடங்குக்கும் மேல் நீளமான மின்துடிப்பு தேவை. ஆகவே அடுத்த வீட்டுக்காரருக்கு வைத்த அளவு, வைத்த இடம் எதையும் உங்கள் அப்பாவுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது மெஷின். டென்ஸ் என்பது வலி குறைப்பதற்கான கருவி. தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டி, வலி மூளைக்குத் தெரிவதைக் குறைக்கும். வழக்கமாக 80 முதல் 120 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு அத்தனை மின்துடிப்பு), விடாமல் ஓடும். தசையை வேலை வாங்குவதற்கு வேண்டியது ‘மசில் ஸ்டிமுலேட்டர்’. பெட்டியில் என்.எம்.ஈ.எஸ் அல்லது ஈ.எம்.எஸ் என்று போட்டிருக்கும். முக்கிய வித்தியாசம், இதில் ‘ஆன் டைம்’, ‘ஆஃப் டைம்’ என்று சுருங்கும் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் தனித்தனியாக வைக்க முடியும். ஓய்வே இல்லாமல் கரண்ட் ஓடினால் தசை சில நிமிடங்களில் களைத்துவிடும். நாமாகக் கையை அசைக்கும்போது மூளை தசை நார்களை முறை வைத்து மாற்றி மாற்றி வேலை வாங்குகிறது. கரண்ட் அப்படிச் செய்வதில்லை. சீக்கிரம் களைக்கும் பெரிய நார்களையும் சேர்த்து, அதே நார்களை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப இழுக்கும். நீங்கள் வைத்த 40 நிமிடத்தில் பெரும்பகுதி களைத்த தசைக்குத்தான் போயிருக்கும்.

சில மெஷின்களில் டென்ஸ், ஈ.எம்.எஸ் இரண்டும் சேர்ந்தே வரும். கையேட்டைப் பாருங்கள். ஹெர்ட்ஸ், பல்ஸ் விட்த் (ஒவ்வொரு மின்துடிப்பின் நீளம்), ஆன்-ஆஃப் நேரம், ரேம்ப் (கரண்ட் படிப்படியாக ஏறும் நேரம்) ஆகிய நான்கையும் நீங்களே மாற்ற முடிந்தால் அதையே பயன்படுத்தலாம். ‘மோட் 1’ முதல் ‘மோட் 8’ வரை படம் மட்டும் போட்டு, உள்ளே என்ன ஓடுகிறது என்று சொல்லாத மெஷின் இதற்கு உதவாது. தோள்வலிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபி மையங்களில் ‘ஐ.எஃப்.டி’ என்று ஒன்று வைப்பார்கள், அதுவும் பெரும்பாலும் வலிக்குத்தான். இதுவரை அப்பாவுக்கு வைத்தது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘கரண்ட்’ என்ற ஒரே பெயரில் நாலைந்து விதம் ஓடுகிறது.

பேட் ஒட்டுவதற்கு முன் சில விஷயங்கள் உறுதியாக வேண்டும். பேஸ்மேக்கர் அல்லது உடலுக்குள் வைத்த வேறு மின்கருவி இருந்தால் வீட்டில் இது கூடவே கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது வலிப்பு வந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் ரத்தக் கட்டி இருக்கலாம். அந்தக் காலில் கரண்டும் வேண்டாம், தேய்த்தலும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். புண், வெடிப்பு, புற்றுநோய்க் கட்டி உள்ள இடங்களில் வைக்கக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், தலை, மார்பின் குறுக்கே ஒருபோதும் ஒட்டாதீர்கள். வாய் கோணியிருந்தாலும் முகத்தில் இந்த மெஷினைக் கொண்டுபோகாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் மாத்திரை இதற்குத் தடையல்ல.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை எனக்கு அதிகம் கவலை தருவது 15 வருடச் சர்க்கரை. பக்கவாதத்தாலும் சர்க்கரையாலும் உணர்ச்சி மழுங்கியிருந்தால், தோல் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. கண்ணை மூடச் சொல்லி, பேட் ஒட்டப்போகும் இடத்தில் பல்குத்தும் குச்சியின் கூர்முனையையும் தீக்குச்சியின் அடிமுனையையும் மாற்றி மாற்றி லேசாகத் தொடுங்கள். பத்தில் எட்டு தடவையாவது எது கூர், எது மொட்டை என்று சரியாகச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத இடத்தில் வீட்டில் வைக்காதீர்கள், பிசியோதெரபிஸ்ட் கண்ணெதிரே மட்டும்தான்.

கைக்கு வருவோம். மேசையில் துண்டை மடித்துப் போட்டு, உள்ளங்கை கீழே பார்க்கும்படி முன்கையை வையுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து மூன்று நான்கு விரற்கடை கீழே, முன்கையின் முதுகுப்புறத்தில் ஒரு பேட். மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே, அதே பக்கத்தில் இன்னொன்று. 5 சென்டிமீட்டர் சதுரப் பேட் போதும். கறுப்பு வயர் பெரும்பாலான மெஷின்களில் எதிர்மின்முனை (நெகட்டிவ்). அதை மேல் பேடில் மாட்டுங்கள், தசை சீக்கிரம் துள்ளும்.

தொடக்கத்துக்கு 35 ஹெர்ட்ஸ், பல்ஸ் விட்த் 300 மைக்ரோ செகண்ட், 5 வினாடி ஆன், 15 வினாடி ஆஃப், ரேம்ப் 1 முதல் 2 வினாடி என்று வையுங்கள். ரேம்ப் இல்லாமல் சட்டென்று அடித்தால் முறுக்கேறிய தசை எதிர்த்து இழுக்கும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கை சீராகத் திறக்காமல் நடுங்கும். 50-ஐத் தாண்டினால் சீக்கிரம் களைக்கும். கரண்டை மில்லி ஆம்பியர் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், பிறகு தசை துடிக்கும், பிறகு விரல்கள் விரியும். விரல்கள் நன்றாக விரிந்த இடத்தோடு நிறுத்துங்கள். 15-லும் விரியலாம், 40-லும் விரியலாம். தோலின் ஈரம், கொழுப்பு, பேடின் வயது எல்லாம் இதை மாற்றும். நேற்றைய எண்ணை இன்று எட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் கரண்ட் ஆழத்தில் பரவி, உள்பக்கத்து மடக்கும் தசைகளையும் தூண்டிவிடும், திறந்த விரல்கள் மறுபடி மூடும். பவரைக் கூட்டினால் நடப்பது இதுதான்.

பேட் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதைக் கையே சொல்லும். மணிக்கட்டு மட்டும் தூக்கி, விரல்கள் மடங்கியே இருந்தால் மேல் பேடை ஒரு சென்டிமீட்டர் கீழே, சுண்டுவிரல் பக்கமாக நகர்த்துங்கள். கை கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து தூக்கினாலும் அதே திசைதான். ஒட்டிய பேடை இழுத்து நகர்த்தக் கூடாது. மெஷினை நிறுத்தி, எடுத்து ஒட்டுங்கள். சரியான இடம் கிடைத்ததும் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். யார் வைத்தாலும் அதே இடம் கிடைக்கும்.

முதல் வாரம் காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம். விரல் விரிவது தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைந்தால் தசை களைத்துவிட்டது, நேரம் மீதியிருந்தாலும் நிறுத்துங்கள். தாங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் 30 நிமிடம் வரை கொண்டுபோகலாம், ஆஃப் நேரத்தை 10 வினாடிக்குக் குறைக்கலாம். வாரம் 5 நாள் போதும்.

இதில் பெரும்பாலான வீடுகளில் தவறிப்போவது ஒன்று உண்டு. மெஷினை ஓடவிட்டு அப்பா டிவி பார்த்தால் பலனில் பாதி போய்விடும். ஒவ்வொரு ஆன் நேரத்திலும் அவர் தன் கையைப் பார்த்து, திறக்க முயல வேண்டும். கரண்ட் வரும்போது விரலைத் திறந்து டம்ளரை நோக்கிக் கொண்டுபோவது, நின்றதும் டம்ளரைப் பிடிப்பது, மறுபடி கரண்ட் வரும்போது விடுவது. மூளை கொடுக்க முயலும் கட்டளையும் கை அசைவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கரண்ட் அந்த முயற்சிக்குத் துணை மட்டும்தான். தன் முயற்சியில் துளியாவது அசைவு இருப்பவர்களுக்கே இதில் நல்ல பலன் கிடைக்கிறது.

காலுக்கு: நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையைத் தொடாமல் சற்று முன்னே நீட்டியிருக்கட்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதற்குச் சற்றுப் பின்னும் கீழுமாகக் கறுப்பு வயர் பேட். பாதத்தைத் தூக்கும் நரம்பு அங்கே தோலுக்கு மிக அருகில் வளைந்து வருகிறது. இரண்டாவது பேட் அங்கிருந்து நான்கைந்து விரற்கடை கீழே, முன்கால் எலும்புக்கு வெளிப்பக்கச் சதையில். பாதம் நேராக, சிறிதே வெளிப்பக்கம் சாய்ந்து தூக்க வேண்டும். தூக்காமல் வெளிப்பக்கம் மட்டும் திரும்பினால் மேல் பேடை முன்னோக்கி நகர்த்துங்கள். உள்பக்கம் திரும்பினால் பின்னோக்கி நகர்த்துங்கள், அப்படி உள்பக்கம் திரும்பும் பாதத்தோடு நடந்தால் கணுக்கால் சுளுக்கும். அளவுகள் கைக்குச் சொன்னவையே.

வீட்டு மெஷினை மாட்டிக்கொண்டு நடக்க வைக்காதீர்கள். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும் நொடியில் கரண்ட் வந்து, ஊன்றியதும் நிற்க வேண்டும். அதற்குக் குதிகால் ஸ்விட்ச் போன்ற அமைப்புள்ள தனிக் கருவி வேண்டும். 1961-ல் லிபர்சன் என்பவர் தன் குழுவோடு முதலில் செய்துகாட்டியது இதைத்தான். இன்றைய கருவிகளும் அதே அடிப்படையில்தான் வேலை செய்கின்றன, விலையும் அதிகம். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2016 பக்கவாத மறுவாழ்வு வழிகாட்டுதல், பாதம் தொங்குவதற்குக் கரண்டை, பாதம் தொங்காமல் தாங்கும் சாதாரண ‘ஏ.எஃப்.ஓ’ பிளாஸ்டிக் பட்டைக்கு ஒரு மாற்றாகவே வைக்கிறது. ஆகவே கடன் வாங்கி அந்தக் கருவியை வாங்க வேண்டாம். காலை அளந்து செய்த ஏ.எஃப்.ஓ-வைப் போட்டு நடக்கட்டும். ஆனால் சர்க்கரைக் காலில் அது எங்கேயாவது உரசிப் புண்ணாக்குகிறதா என்று தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இறங்கிய தோளுக்குத் தசையைச் சுருக்கும் கரண்டை நீங்களாக வைக்க வேண்டாம். தோள்பட்டை எலும்பின் பின்புறம் குறுக்கே ஓடும் மேட்டுக்கு மேலேயும் தோளின் பின்பக்கச் சதையிலும் வைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் கழுத்துத் தசை இழுத்துத் தோள் காதை நோக்கி ஏறும், மூட்டு சேராது. இதைப் பிசியோதெரபிஸ்ட் செய்யட்டும். முதல் சில மாதங்களுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, எழுப்பும்போது இடது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்காமல் இருப்பது. உட்காரும்போது முன்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். இறங்கிய தோளுக்கு இது கரண்டைவிட முக்கியம்.

சிவந்ததைப் பற்றி. பேட் அளவுக்கு ஒரே சீரான இளஞ்சிவப்பு, அரை மணி நேரத்தில் மறைந்தால் பயமில்லை. ஓரத்தில் மட்டும் கருஞ்சிவப்புக் கோடு, புள்ளி, கொப்புளம், அல்லது மறுநாளும் மறையாத சிவப்பு என்றால் அது தோல் சுட்ட காயம். ஓரம் எழும்பினாலோ ஜெல் காய்ந்தாலோ முழுக் கரண்டும் ஒட்டியிருக்கும் சின்ன இடத்தின் வழியாகப் பாயும். தைலம் தேய்த்த கையில் ஒட்டுவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. எண்ணெய் தேய்ப்பதானால் கரண்ட் முடிந்த பிறகு தேய்த்துக்கொள்ளுங்கள். முன்னால் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ரோமம் அதிகமென்றால் கத்தரியால் வெட்டுங்கள், பிளேடு வேண்டாம். முடிந்ததும் ஜெல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, அதன் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி வையுங்கள். 20, 30 தடவைக்கு மேல் ஒரு பேட் தாங்காது. ஒட்டும் தன்மை போன பேடை பிளாஸ்திரி போட்டு ஒட்டாதீர்கள். சார்ஜரில் மாட்டியபடி மெஷினை உடலில் வைக்காதீர்கள்.

ஆட்டோ செலவுக்கு ஒரு வழி இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வருபவரிடம் மெஷினைக் காட்டி, முதல் தடவை அவரே பேட் வைத்துக் காட்டட்டும்.

ஆறு வாரம் கழித்து, கரண்ட் இல்லாமல் பாருங்கள்: ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை விரல் திறக்கிறது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் விரிகிறது, உட்கார்ந்தபடி முன்பாதத்தை எத்தனை தடவை தூக்க முடிகிறது. இந்த மூன்றையும் தொடங்கும் நாளிலேயே எழுதி வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். எண்கள் ஏறியிருந்தால் தொடருங்கள். கொஞ்சமும் ஏறவில்லையென்றால் நேரத்தைக் கூட்டாதீர்கள். அந்த நோட்டோடு மறுவாழ்வு மருத்துவரைப் பாருங்கள். முறுக்கைக் குறைக்க மாத்திரையோ ஊசியோ முதலில் தேவைப்படலாம்.